இரண்டு அங்குலம்

"இந்த வயசில பெடியள் மாதிரிக் காரை இரண்டு அங்குலம் கீழ பதிக்கப்போறியளோ, சிவகரன் அண்ணை?" ஊர்காவற்றுறை மெக்கானிக் சிரித்தான்.

"மாமியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகோணும். முழங்கால் வருத்தம், உயரத்தில ஏற ஏலாது. மருமகன் நான் தொட்டுத் தூக்கிறதுக்கும் விடமாட்டா."

"இருக்கிற ஸ்பிரிங்கை வெட்டிறதோ, நீளம் குறைஞ்ச கட்டை ஸ்பிரிங் புதுசாப் போடுறதோ?"

"புதுசே போடும். வெட்டினால் குலுங்கும், அவவுக்கு நோகும்."

மறுநாள், பதிந்த காரில் சீதேவி மாமி யாருடைய கையையும் பிடிக்காமல் தானே ஏறி அமர்ந்தார். சிவகரனுக்குப் பெருமை தாங்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் கிளினிக் வாசலில் கார்க் கதவைத் திறந்துவிட்டார். மாமி எழும்பப் பார்த்தார். இன்னொருமுறை பார்த்தார். பின்னால் ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்.

"என்ன மாமி?"

"ஏறி இருக்கிறது சுகமாய்த்தான் இருந்தது தம்பி. இவ்வளவு பதிஞ்ச இடத்தில இருந்து எழும்ப ஏலாமல் கிடக்கு."

சொல்லிவிட்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.