உள்குத்தகை

இளங்கோவின் ஒரு காதில் தேன்பெட்டி, மறு காதில் கூடாரம்.

"தேனீயெல்லாம் பெட்டிய உட்டுட்டுப் போயிருச்சுங்க" என்றது இடது கை போன். "நீங்க வாடகைக்கு உட்ட கூடாரத்துக்குள்ள குரங்கு உக்காந்திருக்குதுங்க, நாங்க வெளிய நிக்கறோம்" என்றது வலது கை போன். இரண்டுக்கும் "இதோ வாரேனுங்க" என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு, எங்கே முதலில் போவதென்று தெரியாமல் வாசலில் நின்றான்.

மனைவி பானுமதி ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினாள். "ஏனுங்க, இதுலயும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

தாளைச் சுவரில் வைத்துப் போட்டான். பலாச் சிப்ஸ் பார்சல், கூரியர் சீட்டு, வாடகை அறை விவரம் என்று அந்த வீட்டில் கையெழுத்துக்கா பஞ்சம்? போன் மறுபடியும் அடித்தது. செம்மேடு பஸ் ஸ்டாண்டில் அவன் வைத்த எடை மிஷின், யார் ஏறினாலும் நாற்பத்திரண்டு கிலோதான் காட்டுகிறதாம்.

எல்லாம் போன வருடம் நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆரம்பித்த வினை. கோட்டுப் போட்ட ஒருவர் மேடையேறி, "நீங்கள் தூங்கும்போதும் வருமானம் வரவேண்டும்" என்றார். திருப்பூர் பனியன் கம்பெனியில் எட்டு வருடம் நைட் ஷிப்ட் பார்த்த இளங்கோவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலையை உதறிவிட்டுக் கொல்லிமலைக்குத் திரும்பி ஏழு தொழில் தொடங்கினான். அந்த வீடியோவை ஊர் வாட்ஸாப் குழுவிலும் போட்டுவிட்டான். அதற்கப்புறம் அவன் ஒழுங்காகத் தூங்கியதே இல்லை.

ஏழில் உருப்படியானது மிளகுத் தோட்டம் ஒன்றுதான். மற்ற ஆறையும் கட்டி மேய்க்க வேண்டியிருந்ததால், அதைப் பக்கத்து வீட்டு ராசுவுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தான். ராசு பறித்துக் காயவைத்து மூன்று மூட்டை கொடுக்கவேண்டும். அடுத்த சந்தைக்குள் அந்த மூன்று மூட்டை கைக்கு வந்தால், வருடா வருடம் வாங்கிக்கொள்வதாக ஒரு வியாபாரி சொல்லியிருந்தார். வராவிட்டால் மறுபடியும் திருப்பூர் பஸ்தான்.

தேன்பெட்டியைப் பார்க்கப் போகும் வழியில் தோட்டத்தை எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். மிளகு சிவக்கச் சிவக்கப் பழுத்து உதிர்ந்து கிடந்தது. பறவைகள் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஏணி புல்லில் படுத்திருந்தது, ஆள் ஒருவரும் இல்லை.

ராசுவின் வீட்டுக்கு ஓடினான். ராசு கயிற்றுக் கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்தான்.

"டேய் ராசு, மெளகு கொட்டுது! நீ என்னடா பண்ற?"

"தொழில் பண்றம்ப்பா" என்றான் ராசு, கண்ணைத் திறக்காமல். "நீ போட்ட வீடியோவப் பாத்தேன். தோட்டத்தச் சின்னக்கண்ணு மாமனுக்கு நாலு மூட்டைக்கு உள்குத்தகை உட்டுட்டேன். மூணு உனக்கு, ஒண்ணு எனக்கு."

சின்னக்கண்ணு மாமன் பாறை மேல் மல்லாந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார். "நானாவது ஏணி ஏறறதாவது சாமி! பாவாயிக்கு அஞ்சு மூட்டைக்குக் கைமாத்திட்டேன். உன்ற புண்ணியத்துல முதுகு வலி போயே போச்சு."

இளங்கோ மனசுக்குள் கணக்குப் போட்டான். தோட்டமே நன்றாகக் காய்த்தால் ஐந்து மூட்டைதான். பாவாயக்கா பாவம், ஒன்றும் மிஞ்சாத வேலையை எடுத்திருக்கிறாள் என்று பதைத்துக்கொண்டு ஓடினான்.

வருடம் முழுக்க மரவள்ளிக் காட்டில் குனிந்தே கிடக்கும் பாவாயி, அன்று தலைவாரிப் பூ வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆறு மூட்டைக்கு உட்டுட்டேன் கண்ணு."

"அந்தத் தோட்டத்துல ஆறு மூட்டை எப்படிக்கா காய்க்கும்?"

"அது பறிக்கறவங்க பாடு. எனக்கென்ன?"

"யாருக்கு உட்டீங்க?"

"உன்ற ஊட்டுக்காரிக்குத்தான். முந்தாநாளு பேசி முடிச்சோம்."

இளங்கோவின் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. பானுமதி! எடுத்த வேலையைப் பாதியில் விடாதவள். கணக்கு எக்கேடு கெட்டுப் போகட்டும், அவள் ஏணியில் ஏறினால் நாலே நாளில் தோட்டம் காலியாகிவிடும். மிளகு காய்ந்துவிடும், வியாபாரி வந்துவிடுவார், திருப்பூர் பஸ் அவன் இல்லாமலே போய்விடும். இப்படிப்பட்டவளைக் கட்டியதற்குத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான். போன் இரண்டும் அடித்துக்கொண்டே இருந்தன. அவன் எடுக்கவே இல்லை.

வீட்டில் பானுமதி காலை நீட்டி உட்கார்ந்து பலாச் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில், இந்த நேரத்துக்கு அவள் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை.

"ஏம்புள்ள, இன்னும் தோட்டத்துக்குப் போகலியா?"

"நான் எதுக்குங்க போறேன்? அத உள்குத்தகை உட்டுட்டனுங்க."

இளங்கோ அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். "நீயுமா? இனி இந்த ஊர்ல யாரு புள்ள பாக்கி இருக்கறா?"

"ஒரு ஆளு இருந்தாருங்க. காத்தாலதான் கையெழுத்தாச்சுங்க."

"இத்தன கைமாறுன தோட்டத்த எடுத்திருக்கறானே, எவம்புள்ள அந்தக் கேனையன்?"

பானுமதி எழுந்துபோய், கேட்காமலே ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"நீங்கதானுங்க. ஏழு மூட்டைக்கு."