டால்பினுக்குப் பழகிய முகம்

ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் கடல் நீச்சல் குழுவில் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. தினமும் காலையில் ஈரத்தலையோடு வீடு திரும்பி, சாப்பிட்டபடியே அன்றைய சாகசத்தை மனைவியிடம் சொல்வார்.

"இன்னிக்கு மிதவையைத் தாண்டிப் போனேனா, ஒரு டால்பின் ஒதுங்கி வழிவிட்டுது. தினம் பாக்குற முகமில்லையா."

"நாளைக்கு நானும் வரேங்க."

அவருக்குப் புரையேறியது. "உனக்கெதுக்கு? அலை ஆளையே புரட்டிடும். ஜெல்லிமீன் வேற."

"அதான் நீங்க இருக்கீங்களே."

மறுநாள் கரையில் குழு கூடியது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார். "வழக்கம்போல பத்திரமா வச்சிருங்க சார்." தையல்காரர் கைக்கடிகாரத்தைத் தந்தார். ஒரு பெரியவர் பல்செட்டையே டப்பாவில் போட்டுக் கொடுத்தார். எல்லாரும் கடலில் இறங்கிவிட, கணுக்கால்கூட நனையாமல் கை நிறையச் சாமான்களோடு நின்றார் போஸ்ட்மாஸ்டர்.

"நீங்க இறங்கலையா?" என்றாள் மனைவி.

"லேசா ஜலதோஷம்."

"ஆறு வருஷமா உங்க துண்டை நான்தான் துவைக்கிறேன். ஒருநாளாவது அதுல உப்பு பூத்திருக்கா? குழாய்த் தண்ணியில தலையை நனைச்சிட்டு வந்தா எனக்குத் தெரியாதா?"

தன் கண்ணாடியையும் கழற்றி அவர் சட்டைப்பையில் செருகிவிட்டு அலைக்குள் பாய்ந்தாள். அவர் வாயை மூடுவதற்குள் முதல் அலைக்கு அப்பால் போயிருந்தாள். நீச்சல் தெரியுமா என்று முப்பது வருஷத்தில் அவர் அவளை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"டால்பினைப் பார்த்தா, நீங்க விசாரிச்சதா சொல்றேன்" என்று அங்கிருந்து குரல் வந்தது.