லிஃப்ட்காரர் இங்கிலீஷ்

"ஐ ரிமைண்ட் மை அம்மா ஃபேஸ்!"

லிஃப்ட்காரர் சொல்லி முடிக்கவும் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான இங்கிலீஷ் வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"அம்மா முகம் நம்ம மனசுல வந்தா ரிமெம்பர். மறந்தவங்களுக்கு ஞாபகப்படுத்தினாத்தான்யா ரிமைண்ட். நாலு நாளா இதே பாட்டு!" என்றார் வாத்தியார்.

வார்டு ஆயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்குப் பரீட்சை. தலைமை நர்ஸ் முன்னால் எழுந்து நின்று இங்கிலீஷில் பேச வேண்டும். தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"முந்திரிக்கொட்டை மாதிரி முதல்ல எழுந்து உளறுறாரே! நாளைக்கும் இவரு உளறினா, அந்தம்மா கோபம் நம்ம தலையிலதான் விடியும்" என்று பக்கத்திலிருந்த கேன்டீன்காரியிடம் முணுமுணுத்தாள்.

"அவருக்கு உளறவாச்சும் வருது. நமக்கு வாயே திறக்கலையே அக்கா!"

மறுநாள் தலைமை நர்ஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்டார்.

"மாத்திரை போட மறந்துபோற நோயாளிகிட்ட என்ன சொல்வீங்க? ரிமைண்ட் வரணும். யாரு முதல்ல?"

ஒரு தலையும் நிமிரவில்லை. ஆயாவுக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆண்டவனே, ராப்பகலா உருப்போட்டதெல்லாம் எங்கே போச்சு?

"நான் சொல்றேன் மேடம்!" லிஃப்ட்காரரேதான். "யூ ரிமைண்ட் டேப்லெட், டேப்லெட் ரிமைண்ட் யூ!"

தலைமை நர்ஸே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் ஆயாவின் நாக்கும் இளகியது. எப்படி எழுந்தாளோ, அவளுக்கே தெரியாது.

"ஐ வில் ரிமைண்ட் யூ டு டேக் யுவர் டேப்லெட், சார்."

"வெரி குட்! தேறிட்டீங்க."

சந்தோஷத்தோடு ஓர் உறுத்தலும் வந்தது. பாவம், அந்த மனுஷன் வேலை என்னாகும்? வாய்க்கு வந்தபடி பேசினேனே! இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொல்லலாமென்று லிஃப்டுக்கு ஓடினாள்.

கதவு திறந்தது. உள்ளே சக்கர நாற்காலியில் ஒரு வெளிநாட்டுப் பெரியவர். அவரிடம் குனிந்து, எந்த மாடியில் எந்த டாக்டர், சாப்பிடாமல் வர வேண்டியது எந்தப் பரிசோதனைக்கு என்று, தண்ணீர் பட்ட பாடாக இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தார் லிஃப்ட்காரர்.

ஆயா லிஃப்டுக்குள் தலையை நீட்டினாள். "தம்பி... நீங்களா?"

"மெதுவா அக்கா, யார் காதுலயாவது விழுந்துடப்போகுது" என்றார் அவர். "நான் தேறி மூணு வருஷமாச்சு. திங்கக்கிழமை புது வகுப்பு ஆரம்பிக்குது. யாராச்சும் ஒருத்தர் முதல்ல தப்பா சொன்னாத்தானே மத்தவங்களுக்கு வாய் திறக்கும்?"