சேருக்குத் தடிமன்

“ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வை. ஹீட்டரை நிறுத்து. கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொண்டு வா.”

வெளியே ஜனவரிப் பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. ராஜேஸ்வரி பெரிய சேரின் அறையையும், அவருடைய மகன் ரூபர்ட்டின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இந்தக் குளிருக்குள்ளையோ, சின்ன சேர்? அந்த மனுசன் ஒரு போர்வைகூட இல்லாமல் கிடக்கிறார். டாக்டருக்குப் போன் அடிச்சுச் சொல்லுவம்.”

“டாக்டருக்கும் சொல்லக் கூடாது, பொலிசுக்கும் சொல்லக் கூடாது. யார் கேட்டாலும் அப்பாவுக்குத் தடிமன், மூக்கடைப்பு, படுத்திருக்கிறார். அவருக்கு இனிச் சமைக்கவும் வேண்டாம். மீறினால் உன் வேலையும் போகும், விசாவும் போகும். சத்தியம் செய், ராஜ்!”

அவள் சத்தியம் செய்தாள். வேறென்ன செய்வாள், பாவம்!

பெரிய சேர் என்றால், ‘சேர்’ பட்டம் வாங்கிய பெரெக்ரின் மோல்ட்பி. இங்கிலாந்தில் மாளிகை, காடு, குளம், நரி வேட்டைக்கு ஒரு நாய்ப்பட்டாளம் என்று வாழ்ந்த பரம்பரை. பாராளுமன்றத்தில் இருந்த காலத்தில் பாதியைத் தன் காணியோரம் நெடுஞ்சாலை வராமல் தடுப்பதில் கழித்தார். மீதியை அகதிகள் வராமல் தடுப்பதில் கழித்தார். 2009இல், குதிரை லாயத்துக்குக் கூரை போட்ட செலவை மக்களின் வரிப்பணத்தில் எழுதியது பிடிபட்டது. உடனே ‘உடல்நலம் கருதி’ சுவிஸுக்கு வந்து, ஃப்ரிபூர்க் அருகே ஒரு வில்லாவில் குந்திவிட்டார்.

இங்கே அவரைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டது யார்? யாழ்ப்பாணத்து அகதி. ராஜேஸ்வரி என்ற பெயர் அந்தப் பெரிய வாயில் நுழையாததால் ‘ராஜ்’ என்று கூப்பிடுவார். பிறகு “பிரிட்டிஷ் ராஜ்!” என்று தானே சொல்லித் தானே சிரிப்பார். அந்த ஒரு பகிடியை வைத்தே இத்தனை வருடத்தையும் ஓட்டிவிட்டார் மனுஷன்.

மகன் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன். அப்பன் விட்ட தொகுதியில் அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறான். ‘குடும்பப் பாசம்’ என்று மேடைக்கு மேடை முழங்குகிறவன். மேலே தகப்பனின் அறை விறைத்துக் கிடக்க, கீழே அவனும் மனைவி பெனலப்பியும் கணப்புக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு சீஸ் தின்றார்கள். தூ!

அன்று பின்னேரம் ராஜேஸ்வரி பஸ் தரிப்பில் நின்று கணவன் குகநாதனுக்குப் போன் எடுத்தாள்.

“பெத்த தகப்பனை இப்பிடியும் செய்வினமோ? மனுசனை அப்பிடியே விட்டிட்டு என்னாலை சோறு தின்னேலாது.”

“பொலிசுக்குச் சொல்லுவமே?”

“ஐயோ, வேண்டாம்! சத்தியம் பண்ணிப்போட்டன்.”

“சரி, சேரின்ரை படம் ஒண்டு ஃபோனிலை அனுப்பு. ஆரா நகரத்திலை இருக்கிற எங்கடை தவராஜா அண்ணையோடை கதைக்கிறன். அவர் ஒண்டிலை இறங்கினால் ஆக்களோடைதான் வருவார்.”

மறுநாள் அவள் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த சேரின் பெரிய படத்தை ஃபோனில் எடுத்துக்கொண்டிருந்தபோது ரூபர்ட் பார்த்துவிட்டான்.

“எதற்கு?”

“ஞாபகத்துக்கு, சின்ன சேர்.”

ரூபர்ட் பல்லைக் காட்டிவிட்டுப் போனான். புத்திசாலி என்று அவனுக்கு நினைப்பு.

வியாழன் மத்தியானம் சம்பெயின் போத்தல் திறக்கப்பட்டது.

“நாளையோடு சரி, பென்! அப்பா மாளிகையை எனக்கு எழுதித் தந்து நாளைக்கு ஏழு வருடம். இங்கிலாந்துச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் ஏழு வருடம் உயிரோடு இருந்துவிட்டால் வாரிசு வரியே இல்லை. ஒரு நாள் முந்திச் செத்தாலும் அரசாங்கம் வழித்துக்கொண்டு போய்விடும்.”

“சனிக்கிழமை டாக்டரைக் கூப்பிடலாம்,” என்றாள் பெனலப்பி. “இரவு தூக்கத்திலேயே போய்விட்டார் என்று நான் அழுகிறேன். எனக்கு நன்றாக அழ வரும்.”

வாசல் மணி அடித்தது. ரூபர்ட் கதவைத் திறந்தான். பொலிஸ்காரர் ஒருவர் நின்றார்.

“மன்னிக்க வேண்டும், மெஸ்யூ. உங்கள் வீட்டுக்கு வந்த வாகனங்கள் பாதையை மறித்துக்கொண்டு நிற்கின்றன.”

அவருக்குப் பின்னால் ஆராவிலிருந்தும் ஓஸ்டர்முண்டிகனிலிருந்தும் வந்த வான்கள். அவற்றிலிருந்து ஐம்பது, அறுபது தமிழர் லீவு போட்டுவிட்டு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடச் சேரைக் கண்ணால் கண்டதில்லை. அதனாலென்ன? அறிவித்தல் வந்துவிட்டது, போகாமல் விட்டால் நாளைக்கு யார் பேச்சு வாங்குவது!

முன்னால் வந்த தவராஜா அண்ணை, ரூபர்ட்டின் கையிலும் பொலிஸ்காரரின் கையிலும் ஆளுக்கொரு தாளைத் திணித்தார். நரி வேட்டைக் கோட்டுடன் சேர், பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு.

“இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும், சுவிஸ் ஃப்ரிபூர்க்கை வதிவிடமாகவும் கொண்ட சேர் பெரெக்ரின் மோல்ட்பி அவர்கள் காலமானார். அன்னார் ரூபர்ட்டின் பாசமிகு தந்தையும், பெனலப்பியின் அன்பு மாமனாரும் ஆவார்.”

தமிழ் இரண்டு பேருக்கும் தெரியாது. ஆனால் படத்தின் கீழே, பிறந்த திகதிக்கு எதிரே இருந்த 09.01.2017 என்ற திகதியைப் பொலிஸ்காரர் இரண்டு தரம் படித்துவிட்டு, ரூபர்ட்டை நிமிர்ந்து பார்த்தார்.

ரூபர்ட் ராஜேஸ்வரியைப் பார்த்தான்.

“சத்தியமா நான் பொலிசுக்குச் சொல்லேல்லை, சின்ன சேர். டாக்டருக்கும் சொல்லேல்லை,” என்றாள் அவள். “திங்கள் விடிய நான் தேத்தண்ணி கொண்டு போகேக்கையே மனுசன் முடிஞ்சு போனார். அதை எங்கடை சனத்துக்கு மட்டுந்தான் அறிவிச்சனாங்கள்.”

தவராஜா அண்ணை சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். திறந்து கிடந்த மாடி ஜன்னல்களை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு ராஜேஸ்வரியிடம் கேட்டார்:

“அப்ப பிள்ளை, பிரேதம் எப்ப எடுக்கினம்?”