கோடு போட்ட கார்னேஷன்

"டாக்டர் அனுப்பின செண்டுல இருக்கிற அகேசியாப் பூவுக்கு என்ன அர்த்தம் போட்டிருக்கு? சீக்கிரம் படி, பார்லோ" என்றாள் ஆக்டேவியா, கண்ணாடியை விட்டுத் திரும்பாமலே.

எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லும் சின்ன அகராதியை மிஸ் பார்லோ புரட்டினாள். 'மறைத்து வைத்த காதல்' என்று அச்சில் இருந்தது.

"'அழகு உண்டு, அறிவு இல்லை'ன்னு போட்டிருக்கு, மிஸ்."

"யாரு, நானா?"

"அட்டையில உங்க பேர்தானே இருக்கு?"

"சுத்தி ஒரு கொடி வேற வெச்சிருக்காரே, அது?"

"ஐவி. 'ஒட்டிக்கிட்டா விடமாட்டே'ன்னு அர்த்தம்." புத்தகத்தில் 'கடைசி வரை உன்னோடு' என்று இருந்தது. பார்லோ அந்தப் பக்கத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. இங்கிலாந்தில், செல்டன்ஹாம் ஊரில் ஹேஸல்டன் அம்மாள் வீட்டில், மகள் ஆக்டேவியாவுக்குத் துணையாக இருப்பது வேலை. கடிதம் எழுத வேண்டும், சால்வை தூக்க வேண்டும், திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அம்மாளின் கால் வீக்கத்துக்காக டாக்டர் டிரெம்லட் வியாழன்தோறும் வருவார். "உங்க இருமல் எப்படி இருக்கு, மிஸ் பார்லோ?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்கிற ஒரே மனிதர் அந்த ஊரில் அவர்தான். அந்த ஒரு கேள்விக்காக அவள் மீதி ஆறு நாளையும் ஓட்டினாள். அவரை அவ்வளவு நேசித்தாள்.

வாயைத் திறந்து சொல்ல முடியுமா? முன்பு இந்த வேலையில் இருந்த பெண்ணுக்கு ஒரு பாங்கு குமாஸ்தாவிடமிருந்து ஒரே ஒரு காதல் கடிதம் வந்தது. அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் பெட்டியோடு தெருவில் நின்றாள். ஊரே பேசிய கதை அது.

ஏப்ரலில் ஒருநாள், கூடத்து மேஜையில் கிடந்த பூ அகராதியை டாக்டர் எடுத்துப் பார்த்தார். "இதையெல்லாம் யாரு படிக்கிறா இந்த வீட்டுல?"

"நான்தான், டாக்டர். மிஸ்ஸோட பிறந்தநாளுக்கு வந்த புத்தகம். ஆனா அவங்களுக்கு ரோஜாவைத் தவிர வேற பூவே தெரியாது" என்று சொல்லிச் சிரித்தாள் பார்லோ.

அடுத்த வியாழனிலிருந்து டாக்டரிடமிருந்து பூச்செண்டுகள் வர ஆரம்பித்தன, ஆக்டேவியாவின் பெயருக்கு. ஒவ்வொன்றையும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனவள் பார்லோ. அவளுக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடுதான் அர்த்தங்களை மாற்றி வாசித்தாள்.

இன்று வந்தது ஆறாவது செண்டு. ஆக்டேவியா சீப்பை விட்டெறிந்தாள்.

"என்ன திமிர் அந்த ஆளுக்கு! பொட்டில் அறைஞ்ச மாதிரி ஒரு பதில் பூ சொல்லு."

"கோடு போட்ட கார்னேஷன், மிஸ். 'முடியாது, இனி இந்தப் பேச்சே வேண்டாம்'னு அர்த்தம்." இந்த ஒரு முறை மட்டும் புத்தகத்தில் இருந்ததை இருந்தபடியே வாசித்தாள்.

"அதையே குடு. என் பேரை எழுதித் தொலைக்காதே, அந்த மரியாதைக்கு அவர் லாயக்கில்லை."

டாக்டர் கீழே கிளம்பிக்கொண்டிருந்தார். வேலைக்காரி அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்லோ பூவை இடது கையால் நீட்டினாள். மறுப்பை இடது கையால்தான் கொடுக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. கெடுத்தாலும் முறையாகக் கெடுக்கிற பெண் அவள்.

டாக்டரின் முகம் வெளுத்தது. "இதுதான் பதிலா, மிஸ் பார்லோ?"

"ஆமாம், டாக்டர்."

"நல்லா யோசிச்சு எடுத்த முடிவா?"

"யோசிக்கறதுக்கு இதுல என்ன இருக்கு?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் கம்பளி நூல் சுற்றும்போது பார்லோ தன்னை மறந்து பாடினாள். மனசு உடைந்தவர் எங்கே போவார், ஆறுதலுக்குத் தன்னிடம்தானே வருவார் என்று நம்பினாள்.

அவர் வரவில்லை. வியாழக்கிழமைகளில் அவருடைய உதவி மருத்துவர் வந்து போனார். அதிலிருந்து ஆறாவது ஞாயிறு தேவாலயத்தில் பாதிரியார் கல்யாண அறிவிப்பு வாசித்தார். மாப்பிள்ளை டிரெம்லட், பெண் பாதிரியாரின் சொந்தத் தங்கை எஸ்தர் ஃபிஞ்ச். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்றபோது பார்லோ கையுறையைக் கடித்துக்கொண்டாள்.

"அப்பாடா, நான் தப்பிச்சேன்" என்று கிசுகிசுத்தாள் ஆக்டேவியா.

வெளியே மழை. தாயும் மகளும் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சால்வைகளோடு பின்தங்கிய பார்லோவுக்கு டாக்டர் குடை பிடித்தார். அவளால் அடக்க முடியவில்லை.

"வாழ்த்துக்கள், டாக்டர். ஒரே ஒரு பூவுக்கு இவ்வளவு சீக்கிரம் மனசு மாறிட்டீங்க. மிஸ் ஆக்டேவியா மேல வெச்ச காதல் அவ்வளவுதானா?"

"ஆக்டேவியா மேலயா?" குடை ஒருபக்கம் சாய, மழை அவர் தோளில் விழுந்தது. "உங்க பேரை எழுதினா அந்தப் பழைய பொண்ணு மாதிரி உங்களையும் அன்னைக்கே வெளியே அனுப்பிடுவாங்களேன்னுதான் அவங்க பேரை எழுதினேன்."

பார்லோவின் கையிலிருந்து சால்வைகள் சேற்றில் விழுந்தன.

"அந்த வீட்டுல பூவைப் படிக்கத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தானே, மிஸ் பார்லோ?"