மூன்றாவது தோள்

பேச்சிமுத்துவின் அடக்கக் காப்பீட்டுத் தவணை இந்த மாதம் திடீரென்று கூடியிருந்தது. பாடை தூக்க நான்கு பேரைப் பதிந்துவைத்தால் கம்பெனி தவணையைக் குறைக்கும். தோள் கொடுப்பவர்களின் உடல்நிலையையும் தினமும் கவனித்துக்கொண்டிருக்கும். அவர் கைபேசியில் பட்டியலைத் திறந்தார். மூன்றாவது பெயர் நீக்கப்பட்டிருந்தது. 'உங்கள் காலத்துக்குப் பின் இவர் இருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை.'

அது அவருடைய தம்பி நயினாரின் பெயர். நயினார் எதிரே உட்கார்ந்து சுக்குக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, கூட்டிட்டானா?"

"ஆமால. எனக்கு வயசாகுதுல்லா."

"என் தோளு இருக்கும்போது ஒனக்கு என்ன கவல?"

பேச்சிமுத்து பட்டியலை மூடிவிட்டுக் கையை நீட்டினார்.

"ஒன் போனக் குடு. ஒன் பட்டியல்ல ஒரு எடம் காலியா கெடக்குல்லா, என் பேரப் போடுதேன்."

"எழுபத்தெட்டு வயசுல நீ என்னத் தூக்கப் போறியாக்கும்! கம்பெனிக்காரன் ஒத்துக்கிட மாட்டான்."

ஒத்துக்கொள்ளக் கூடாது என்று வேண்டிக்கொண்டே பேச்சிமுத்து தன் பெயரை அனுப்பினார்.

காப்பி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. நயினார் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியாண்ணே, எனக்குக் கொறச்சிட்டான்!"