மஞ்சள் புள்ளி

விருத்தாசலம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பழமலை பார்க்கும் திரையில் ஊரின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி உண்டு. அந்த வீட்டுக் கழிவுநீரில் கர்ப்பத்தின் அடையாளம் தெரிந்தால் புள்ளி மஞ்சளாகும். வீட்டார் தாமாகச் சொல்லும்வரை ஊழியர் வாய் திறக்கக் கூடாது.

மகள் இளவஞ்சியின் வீடு மஞ்சளானபோது அவர் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. கல்யாணமாகி ஒன்பது வருடம் காத்திருந்தவள். அவர் மனைவியிடம்கூட மூச்சுவிடவில்லை. மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் விளாம்பழம் வாங்கிப் போனார். வழியில் மலிவாக விற்றது என்றார்.

நான்கைந்து நாளாக அந்த மஞ்சள் வெளிறிக்கொண்டே வந்தது. இன்று காலை முழு வெள்ளை. சென்சாரைக் கழற்றித் துடைத்தார், புதிதாக மாற்றியும் பார்த்தார். வெள்ளைதான். வயிற்றுக்குள் கருவின் துடிப்பு நின்றுபோனால் இப்படித்தான் ஆகும். தாய்க்கு அது தெரியவரச் சில நாள் பிடிக்கும்.

மத்தியானம் இளவஞ்சி போன் செய்தாள்.

"அப்பா, நீங்க தாத்தாவாகப் போறீங்க! மூணு மாசம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மாமியார் சொல்லிட்டாங்க. இன்னியோட முடிஞ்சுது."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, அழுவுறீங்களா?"

"ஆமாம்மா."

"அழுங்க, அழுங்க. நல்லா அழுங்க" என்று அவள் சிரித்தாள். "சாயங்காலம் விளாம்பழம் வாங்கியாங்கப்பா. அது ஒண்ணுதான் உள்ள இறங்குது."

"நெறைய வாங்கியாறேம்மா" என்றார் பழமலை.